நாலாம் வருஷத்துக் காய்

பர்கூர் மண்டி முனிரத்தினம்
பைக்கை வேலியில் சாய்த்துவிட்டு
மரங்களை எண்ணிக்கொண்டே வந்தார்.
அறுபத்திரண்டு.
நானும் எண்ணியவள்தான்,
கூட்டுறவு வங்கித் தவணையை எண்ணும் இதே விரல்களால்.

"பெங்களூரா இந்த வருஷம் கிலோ இருபத்தெட்டு.
கூழ் ஃபேக்டரி லாரி ரோட்டில் நிற்குது,
உங்க அறுநூறு கிலோவும் ஏறட்டும்."

விற்கவில்லை என்றேன்.
காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ,
விலையை மறுபடி சொன்னார்,
இந்த முறை சத்தமாக.

முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளிப் போட்டேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
தோட்டக்கலை ஆபீசரே சொன்னார்:
ஒட்டுக்கன்று, உடம்பு தேறட்டும், காய்க்க விடாதீங்க.
தோராவும் ஆபீசரும் ஒரே பக்கம்.
எவ்வளவு அறிவான கட்டளை பார் என்று
ஓசூர் ஷிப்டு முடிந்து வந்த சீலாஸைத்
தூங்கவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது நாலாம் வருஷம்.
மரம் தேறிவிட்டது.
ஆபீசர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.
கட்டளை மட்டும் போகவில்லை.
இந்த வருஷத்துக் காய் எனக்கல்ல, துதிக்கு.
ஏன் என்று அதில் இல்லை.

காரணம் கூடவே நடந்துவந்த மூன்று வருஷமும்
நான் காரணத்துக்குத்தான் கீழ்ப்படிந்தேன் போல.
இன்றுதான் முதல் நாள்.

டயர் ரீட்ரெடிங் கடைக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில், பதினொரு பேர் கூடும்
சனிக்கிழமைச் சபையில்
ஊழியர் யாபேஸும் சொல்லிப் பார்த்தார்:
"அது அந்தத் தேசத்து மரங்களுக்கு, அக்கா.
கொண்டுபோய் வைக்க ஆலயமும் இல்லை.
நமக்குக் கட்டாயமில்லை."

சரியாயிருக்கலாம்.
அவர் என்னைவிடப் படித்தவர்.
ராத்திரி முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
அவர் சொன்னது சரியென்றால்
எனக்குப் பதினேழாயிரம் ரூபாய்.
அதனாலேயே அந்தச் சரியின் மேல்
எனக்குச் சந்தேகம்.

நான் சொல்லும் நாளில்,
என் கைக்கு மிஞ்சிய அளவில்,
எனக்குப் புரிகிற மட்டும் கும்பிட்டால்
எதிரே இருப்பது யார்?
முகம் பார்க்கும் கண்ணாடிக்கும்
கற்பூரம் காட்டலாம், எரியும்தான்.

இதையெல்லாம் முனிரத்தினத்திடம் சொல்லத் தெரியவில்லை.
இவ்வளவுதான் கேட்டேன்:
"தர்மராஜா கோயில் பாரதத்துக்குக் காப்புக் கட்டினால்
பதினெட்டு நாள் ஊர் எல்லை தாண்டுவீங்களா?
போன வருஷம் சேலத்துப் பார்ட்டி
பணத்தோடு காத்திருந்தானே?"

மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.
"அது வேற."
"வேறதான்," என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
எறும்பு ஏறும் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை,
மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குமுன் பறித்து முடித்தேன்.
எட்டுக் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிப் போய்
தகரக் கொட்டகையில் இறக்கினேன்.
மறுநாள் பாடினோம், அறுத்தோம்.
பாதி இன்னும் புளிப்பு.
யாபேஸ் மூன்று துண்டு தின்றார், ஒன்றும் பேசவில்லை.
ரப்பர் கறுத்த கையோடு டயர் கடைப் பையன்கள் வந்தார்கள்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள்.
எங்கேயோ இருந்து முனிரத்தினமும்.
விலை கேட்கவில்லை,
தோலோடு கடித்தார்.

"அடுத்த வருஷம்?"
"அடுத்த வருஷம் என் காய். லாரியோடு வாங்க."
"இந்த விலை இருக்காதே."
"இருக்காது."

ஆசீர்வாதம் வரும், மடங்காகத் திரும்பும் என்று
சபையில் ஒரு பெரியம்மா தைரியம் சொன்னார்.
தலையாட்டினேன்.
நாலு ரூபாய்க்கு விலை விழுந்து
ரோட்டோரம் கொட்டிய வருஷத்தையும்
நான் இதே ஊரில்தான் பார்த்திருக்கிறேன்.
அப்படி வந்தாலும் இது இப்படித்தான் நடந்திருக்கும்.

அன்று ராத்திரி
இருபத்தெட்டை அறுநூறால் பெருக்கிப் பார்த்தேன்.
மறுபடியும் ஒரு தரம்.
கணக்குப் போடக்கூடாது என்று
கட்டளை ஒன்றும் இல்லையே.